ஒரு கரையை விட்டுவைப்போம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, ஆட்டையாம்பட்டி



சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமையன்று நாம் செய்த சேவைப் பணி உங்களுக்கு நினைவிருக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய வாய்க்காலைத் துப்புரவு செய்யப் போனோம். மொத்தம் 32 பேர். கையில் அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி, உரச்சாக்கு. காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தோம். பதினொரு மணிக்குள் இரண்டு கரையும் மொட்டையடித்த தலைபோல் ஆகிவிட்டன. பார்க்க வந்த ஊர்ப் பெரியவர்கள் நம்மை வாயாரப் பாராட்டினார்கள். எல்லோருக்கும் மோரும் சுண்டலும் கிடைத்தன. நிழற்படமும் எடுத்தார்கள். அந்தப் படம் இந்த மலரிலேயே வேறொரு பக்கத்தில் வந்திருக்கலாம். வந்திருந்தால், இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பவள் நான்தான்.

அந்தப் படத்தில் விழாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் எடுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால், தெற்குக் கரையில் தண்ணீரை ஒட்டியிருந்த ஒரு கோரைப் புதரை இடக்கையால் சேர்த்துப் பிடித்து அறுத்தேன். புதருக்குள்ளிருந்து கருத்த முதுகும் வெள்ளை முகமும் உள்ள ஒரு பறவை விழுந்தடித்துக்கொண்டு ஓடிற்று. யார் வீட்டுக் கோழியோ என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், கோரையை மடித்து மடித்துத் தட்டுப்போல் செய்து வைத்த ஒரு கூடு. அதில் பழுப்புப் புள்ளி போட்ட முட்டைகள் ஐந்து. அவற்றில் மூன்று, என் அரிவாள் பட்டோ கால் பட்டோ உடைந்து போயிருந்தன. அருகில் இருந்த தோழியும் நானும் மீதி இரண்டின்மேல் அறுத்த கோரையைப் போட்டு மூடினோம். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். அந்த இரண்டும் இல்லை. காக்கைகள் நாலைந்து கரைமேல் உட்கார்ந்திருந்தன. மறைந்துகொள்ள ஒரு புல்லும் இல்லாத அந்தக் கரையில் அந்தப் பறவை மட்டும் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவு அப்புச்சியிடம் சொன்னேன். அவர் நாற்பது வருடம் தறி நெய்தவர். காது கொஞ்சம் மந்தம். நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "கானாங்கோழி கண்ணு அது. மழைக்கு முந்தி 'க்வாக் க்வாக்'னு கத்துமே, கேட்டதில்லையா? நான் சின்னப் பையனா இருக்கையில இருந்து அந்தக் கோரைக்குள்ளதான் குடியிருக்குது. நீங்க சுத்தம் பண்ணுனது வாய்க்காலை இல்ல கண்ணு, அதோட ஊட்டை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த வாய்க்காலின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நம் ஆட்டையாம்பட்டி வழியாக நாமக்கல் மாவட்டத்துக்குப் போய்க் காவிரியில் கலக்கிறது. நம் பக்கத்து ஏரிகளும் வாய்க்கால்களும் அந்த ஆற்றை நம்பி இருந்தவை. அப்புச்சி அந்த ஆற்றில் குளித்தவர். என் அம்மா சிறுமியாக இருந்தபோது அதில் துணி அலசியவர். நானோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறேன். சேலத்துச் சாக்கடையும் சாயக் கழிவும் ஆற்றை இப்படி ஆக்கின என்பது ஊரறிந்த செய்தி. போதாக்குறைக்கு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. வாய்க்காலைத் தேடுவார் இல்லாமற் போயிற்று. அது தூர்ந்தது. தூர்ந்த இடத்தில் கோரை வந்தது, சம்பு வந்தது. கரைமேல் ஆவாரையும் எருக்கும் நொச்சியும் இலந்தையும் முளைத்தன. யாரும் கூப்பிடாமலேயே சீமைக்கருவேலமும் வந்து சேர்ந்தது. மனிதர் கைவிட்ட இடத்தில் மற்ற உயிர்கள் குடியேறிக்கொண்டன.

முட்டை உடைந்த பிறகு எனக்கு அங்கே போகாமல் இருக்க முடியவில்லை. ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் பள்ளிக்குப் புறப்படுமுன் அரை மணி நேரம், நாம் அன்று போகாத மேல்பகுதிக்குப் போய் நின்று பார்த்தேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். (கணக்கு ஆசிரியை மன்னிக்க வேண்டும்.) மடையான், சின்னக் கொக்கு, மீன்கொத்தி, செம்போத்து, கரிச்சான், ஆள்காட்டி, தவிட்டுக்குருவிக் கூட்டம், தேன்சிட்டு, தண்ணீரின்மேல் சாய்ந்த கருவேலங் கிளையில் தூக்கணாங்குருவிக் கூடுகள். பெயர் தெரியாதவை இன்னும் பல. ஒருநாள் ஒரு கீரி தன் இரண்டு குட்டிகளை முன்னே விட்டுப் பின்னே வந்தது. சாரைப்பாம்பு இரண்டு தடவை. ஓணானுக்கும் அரணைக்கும் கணக்கே இல்லை. எருக்கம் இலையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள். அவைதாம் பின்னால் செம்பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறப்பவை என்று பிற்பாடு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மீன்கொத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. செங்குத்தாக நிற்கும் மண்கரையில் அலகால் குடைந்து, கை நீளத்துக்குப் பொந்து செய்து, அதன் கடைசியில் முட்டையிடுகிறது. நம் வாய்க்காலில் கரை இடிந்து செங்குத்தாக நிற்கும் ஓர் இடத்தில் அப்படிப்பட்ட துளைகள் மூன்று இருக்கின்றன. வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசினால் ஊர் அழகாகும் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். கான்கிரீட்டில் எந்த மீன்கொத்தி குடையும்?

நெல் வயலிலும் தோப்பிலும் காணாத இத்தனை உயிர்கள் இந்தக் கரையில் மட்டும் ஏன்? யோசித்தால் விடை எளிது. இங்கே உழுவார் இல்லை, பூச்சிமருந்து அடிப்பார் இல்லை, இரவு விளக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த இடம் நீளமானது. ஆற்றிலிருந்து ஏரிவரை அறுபடாமல் போகிறது. ஒரு தோட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாற்புறமும் சாலை வந்துவிட்டால் அது தீவு. வாய்க்கால் கரை அப்படியல்ல. அது ஊருக்குள் நுழைந்து வெளியேறும் ஒரு பாதை. கீரியும் ஆமையும் லாரியில் அடிபடாமல் போகும் வழி அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு. வகுப்பில் ஒருத்தியை ஒருத்தி திட்டுவதற்குக்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். வருவாய்த்துறைக் கணக்கில் அதற்கு இழிவான பொருள் எதுவும் இல்லை. வரி விதிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கி வைத்த நிலம் என்பதுதான் பொருள்: ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, பாட்டை. பொதுவானது என்று நம் முன்னோர் ஒதுக்கியதை, ஒன்றுக்கும் உதவாதது என்று நாம் ஆக்கிக்கொண்டோம்.

வாய்க்காலைப் போலவே நீளமாக, உழவும் வீடும் இல்லாமல் கிடக்கும் இன்னொரு நிலம் ரயில்பாதை ஓரம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் அத்தை வீட்டுக்குப் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். தண்டவாளத்தை மேடாக்க மண் வெட்டிய பள்ளங்கள் இருபுறமும் வரும். மழைக்காலத்தில் அவை குட்டைகள். முக்குளிப்பான்கள் வண்டிச் சத்தத்துக்கு மூழ்கி, வண்டி போனபின் எழுவதை நானே கண்டிருக்கிறேன். யாரும் திட்டம் போட்டு அமைத்த குளங்கள் அல்ல அவை.

வண்டி ஓடாமற்போன பாதையும் நம் பழைய சேலம் மாவட்டத்தில் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தர்மபுரி 1965-ஆம் ஆண்டுவரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக உதவும் என்பது நோக்கம். அது 1941-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் பல காலம் அந்தத் தடம் சும்மா கிடந்தது. தர்மபுரிப் பக்கம் அதன்மேல் வீடுகள் எழுந்துவிட்டன. மொரப்பூர்–தர்மபுரி பாதையை மறுபடி அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். யாருக்கும் வேண்டாம் என்று நினைத்த நிலம் ஒருநாள் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடுகிறது. அப்போது அதில் இத்தனை நாள் குடியிருந்தவை எவை என்று யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். கீழே எட்டிப் பார்த்தேன்; கறுப்பாக ஒரு சாக்கடை. "இதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்" என்றார் பெரியப்பா. எனக்கு நம்ப முடியவில்லை. சென்னையில் இருந்து வடக்கே எண்ணூர்வரை 1806-இல் திறந்து, பின்னர் வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டிய கால்வாய் அது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதியை 1877–78-இல், தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களைக் கொண்டு வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய தோணிகள் அதில் போயின. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு அக்கால்வாயில் தோணியில் மாமல்லபுரம் சென்றதைப் பாட்டாகவே பாடியிருக்கிறார். பிறகு புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, லாரிகள் வந்தன, தோணிகள் நின்றன. பயனற்றது என்று ஆகிவிட்டதால் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-லும் திருமயிலைக்கு 1997-லும் ரயில் வந்தது. தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால் பணம் கொடுக்க வேண்டும். கால்வாய் கேட்காது அல்லவா?

ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் நானும் போனேன். காற்று நன்றாக வந்தது. ஆனால் அந்தக் கால்வாய் பயனற்றதாக இருந்ததா? 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கு இணையாக ஓடும் அந்தக் கால்வாய் பல இடங்களில் அலைநீரை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொண்டது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளநீர் ஒக்கியம் மடுவு வழியாக அந்தக் கால்வாயில் இறங்கித்தான் கோவளத்தில் கடலுக்குப் போகிறது. 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்க்கப்பட்டது. சதுப்பு நிலத்துக்கு மரியாதை. அதன் நீர் வடியும் கால்வாய்க்குக் குப்பை. இது என்ன நியாயம்? அன்று திருமயிலையில் தூணுக்கு அடியில், சேற்றுத் திட்டில், ஒரு இராக்கொக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அது அங்கே வாழ்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் நிற்கிறது என்றே தோன்றிற்று.

சென்னையையும் ரயிலையும் சொல்லும்போது தனுஷ்கோடியை விட முடியாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஒரு ரயிலே கடலில் போயிற்று. தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. ஆள் போன அந்த மணல்வெளிக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் பூநாரைகள் வருகின்றன. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா இதைப்பற்றிப் பேசும்போது ஒரு செய்தி சொன்னார். அங்கே தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் நம் தமிழர்கள் நிறையப் பேர். தண்டவாளத்து ஓரத்தில் அவர்கள் 1932-இல் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்று பெரிய கோயிலாக வேறிடத்தில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு ரயில் நின்றது. இருபத்துநான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் நிலம்! உள்ளங்கை அளவு தேசம். நிலத்தின் விலையோ சொல்ல வேண்டியதில்லை. துண்டு துண்டாக்கி விற்றிருந்தால் எவ்வளவோ பணம். ஆனால் அதற்கு முந்தின ஆண்டே அங்குள்ள இயற்கைக் கழகத்தார், அதை அறுக்காமல் ஒரே பசுமைப் பாதையாக வைத்திருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரசும் ஏற்றுக்கொண்டது. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் நடக்கப் போகிறார். ஒரு நாள் எறும்புதின்னியின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததாகச் சொன்னார், எறும்புதின்னியைப் பார்க்கவில்லையாம்.

சிங்கப்பூர் என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அதே பாதையை ஒட்டிய கிராஞ்சி என்ற இடத்தில், அங்கிருக்கும் உயிரினங்களை ஆராய்ந்து முடிக்கும் முன்னரே ஒரு காட்டை வெட்டிவிட்டார்கள். 2021-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஓர் அற்ப ஆறுதல் உண்டானதை ஒப்புக்கொள்கிறேன். அரிவாளைப் போட்ட பிறகு பார்ப்பது நம் வழக்கம் மட்டும் அல்ல.

லண்டன் நகரத்தின் நடுவில், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில் கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிக் கிடங்கு இருந்தது. அதை வண்டிகள் நிறுத்தும் இடமாக்க நினைத்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் விடவில்லை. 1985-இல் அது கேம்லி தெரு இயற்கைப் பூங்கா ஆயிற்று. பரப்பு இரண்டே ஏக்கர்தான். பள்ளிப் பிள்ளைகள் அங்கே போய்க் குட்டையில் வலைபோட்டுப் பூச்சிகளைப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள். நம் விளையாட்டு மைதானமும் அதன் பக்கத்துக் காலி நிலமும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

இதை வகுப்பில் பேசியபோது தோழிகள் சும்மா விடவில்லை. "பாம்பு கடித்தால் உன் மீன்கொத்தி வந்து காப்பாற்றுமா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் அதே பயம்தான். என் அம்மா முறுக்குச் சுற்றும் இடத்திலிருந்து பொழுது சாய்ந்தபின் அந்தக் கரை வழியாகத்தான் வருகிறார். இரவு ஷிப்டுக்குத் தறிப்பட்டறை போகும் பெண்களும் அதில்தான் போகிறார்கள். புதரில் பாம்பைவிட மோசமானவர்களும் ஒளிந்திருக்கலாம் என்று அம்மா சொல்வார். ஆதலால், பெண்கள் நடக்கிற கரை வெட்டவெளியாக இருக்கத்தான் வேண்டும். விளக்கும் வேண்டும். இதில் எனக்கு மறுப்பு இல்லை. சாரைப்பாம்பு எலியைத் தின்கிறது என்ற பாடப்புத்தக வாசகத்தை இருட்டில் நடந்து வருகிறவரிடம் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

கொசுவைச் சொன்னவர்களுக்கு மட்டும் பதில் உண்டு. கொசு கோரையால் வருவதில்லை. சாக்கடை தேங்குவதாலும் நாம் வீசிய தேங்காய்த் தொட்டி, பிளாஸ்டிக் கோப்பை, டயர் இவற்றில் தண்ணீர் நிற்பதாலும் வருகிறது. மீனும் தட்டானின் குஞ்சும் இருக்கிற நீரில் கொசுப்புழு அதிகம் தேறுவதில்லை. அன்று நாம் கோரையை அறுத்தோம். கோழி இறைச்சிக் கழிவு மூட்டைகளை நாற்றம் தாங்காமல் அப்படியே விட்டு வந்தோம். எதை அப்புறப்படுத்த வேண்டுமோ அதைத் தொடவில்லை. எதைத் தொடக்கூடாதோ அதை வேரோடு எடுத்தோம்.

சீமைக்கருவேலத்தை வெட்டத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும்தான். அது வேறு செடியை வளரவிடாது. அதை அகற்ற வேண்டும் என்று நீதிமன்றமும் அரசும் சொல்லியிருக்கின்றன. ஆனால் இன்று அதன் கிளையில்தான் தூக்கணாங்குருவி தொங்குகிறது. ஒரே நாளில் இயந்திரத்தை விட்டு வாரிவிட்டு அங்கே அலங்காரச் செடி வைப்பதைவிட, கூடு கட்டாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் புங்கனும் நீர்மருதும் கருவேலமும் வைத்தால் என்ன?

விவசாயிகளுக்கு வேறு கணக்கு உண்டு. வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும், ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டும் என்கிறார்கள். அது நடந்தால் எல்லோரையும்விட மகிழ்கிறவள் நானாக இருப்பேன். வாய்க்கால் பாழாய்க் கிடக்க வேண்டும் என்பது என் ஆசை அல்ல. அப்புச்சி சொல்வதைப் பார்த்தால், தண்ணீர் ஓடின காலத்தில் கானாங்கோழி இப்போதைவிட அதிகமாக இருந்ததாம். அப்போது ஆண்டுதோறும் தூர்வாரினார்கள். ஆனால் மண்வெட்டியால் வாரினார்கள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கத்தில் புல் முளைத்துவிடும். இயந்திரம் வந்தபின் ஒரே காலைப் பொழுதில் இரண்டு கரையும் போய்விடுகின்றன. 32 பேர் சேர்ந்தால் இயந்திரம்கூடத் தேவையில்லை என்பதை நாமே காட்டிவிட்டோம்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாய்க்காலைத் தூர்வாரட்டும், குப்பையை அள்ளட்டும், ஆள் நடக்கும் வடகரையை வெட்டட்டும். தென்கரையை அந்த ஆண்டு தொடாமல் விட வேண்டும். தென்கரையில் வேலை இருந்தால் தை, மாசியில் செய்யலாம். ஆனியிலிருந்து ஐப்பசிவரை, கானாங்கோழி குஞ்சு பொரித்து முடிக்கும்வரை, கூடாது. இதற்குப் பணம் வேண்டாம். வேலி வேண்டாம். பலகை வைத்துத் திறப்பு விழா நடத்தவும் வேண்டாம். பாதி வேலையைச் செய்யாமல் இருந்தால் போதும். சோம்பேறியான எனக்கு மிகவும் பிடித்த திட்டம்!

நம்மால் என்ன ஆகும் என்று தோன்றினால், ஒருமுறை சேலத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய் வாருங்கள். 2010-ஆம் ஆண்டு முதல் சேலம் மக்கள் குழுவினர் அந்த ஏரியைச் சீர்செய்தபோது, தோண்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டிவிடவில்லை. ஏரிக்குள்ளேயே சிறு சிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். ஆள் போக முடியாத அந்தத் திட்டுகளில் இன்று கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைகின்றன. தூர்வாருவதும் பறவையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நான் எழுதியதைப் பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பமாக அனுப்பலாமா என்று வகுப்பாசிரியை சிஸ்டரிடம் கேட்டேன். முட்டை உடைந்த கதையை அவர்களிடம் அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே சொல்லியிருந்தால் மேல்பகுதிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தியிருப்பேனே" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தில் இதுவரை 27 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீதி ஐந்து பேர் யார் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் வந்து பார்க்கிறேன்.

அடுத்த சேவைப் பணி தை மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். உரச்சாக்கும் கையுறையும் கொண்டுவந்தால் போதும். வடகரையில், பாலத்திலிருந்து கோழிக் கழிவு மூட்டைகள் கிடக்கும் இடத்தில் தொடங்குவோம்.